தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கில இலக்கணச் சொற்களை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

வடகரப்பதி வாசகி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கோவை மாவட்டத்து எல்லையை ஒட்டிய ஊர் எங்களுடையது. என் மகள் தமிழ் வழியில் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். வீட்டில் தமிழும் கடைவீதியில் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சும் அவளுக்குச் சிரமமில்லாமல் வருகின்றன. ஆங்கிலத்தில்தான் தடுமாற்றம். நவுன் (பெயர்), ப்ரோநவுன் (பிரதிப்பெயர்), வெர்ப் (வினை), அட்ஜெக்டிவ் (பெயரடை) என்று ஆங்கிலச் சொற்களின் எட்டுப் பிரிவுகளையும் வரையறையோடு ஒப்பிக்கிறாள். ஆனால் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து எது எந்தப் பிரிவு என்று கேட்டால் விழிக்கிறாள். 'வாட்டர்' நவுன் என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பதால், 'ஷி வாட்டர்ஸ் தி பிளாண்ட்ஸ்' என்ற வாக்கியத்திலும் அது நவுன்தான் என்று சாதிக்கிறாள்.

சென்ற வாரக் கட்டுரையில் 'மை மதர் கோயிங் டு சொசைட்டி டெய்லி' என்று எழுதியிருந்தாள். அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் 'கிராமர்' என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். எது பிழை, ஏன் பிழை என்று அவள் என்னிடம் கேட்டாள். நான் பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறேன். பத்தாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவள். சரியான வாக்கியத்தை என்னால் சொல்ல முடிந்ததே தவிர, காரணத்தைச் சொல்ல முடியவில்லை.

மாட்டு வியாபாரம் செய்யும் என் கொழுந்தனாரோ, பொள்ளாச்சிச் சந்தையில் நான்கு மொழி பேசி மாடு பிடிக்கிறவர்கள் எந்த இலக்கணத்தைப் படித்தார்கள், பேசப் பேச வந்துவிடும், குழந்தையை வதைக்காதீர்கள் என்கிறார். அவர் சொல்வதை முற்றிலும் தள்ளவும் முடியவில்லை. ஆகவே இரண்டு கேள்விகள். இந்தச் சொற்களை எந்த வரிசையில் சொல்லிக் கொடுத்தால் அவளுக்குப் புரியும்? இவற்றைப் படிப்பதால் உண்மையில் என்ன பயன்?

சித்தூர் ஓய்வாசிரியர்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். பதில் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டுப் பிரிவுகளிலிருந்து தொடங்குவதே தவறு என்பது என் கருத்து. அந்த எட்டு என்ற கணக்கு, பழைய கிரேக்க, இலத்தீன் இலக்கணக்காரர்கள் தங்கள் மொழிகளுக்காக வகுத்த முறையிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. அண்மைக்கால இலக்கணங்கள் எ, தி, திஸ், மை போன்ற சொற்களைத் தனியே எடுத்து டிட்டெர்மினர் என்ற இன்னொரு பிரிவில் வைக்கின்றன. நம் நன்னூல் பெயர், வினை, இடை, உரி என நான்கோடு நிறுத்திக்கொள்கிறது. ஆகவே அந்த எண்ணிக்கைக்குப் பெரிய மரியாதை தர வேண்டியதில்லை. ஒரு சொல் வாக்கியத்தில் எந்த இடத்தில் நின்று என்ன வேலை செய்கிறது என்று பார்க்கப் பழகினால் பிரிவின் பெயர் தானாகவே பின்னால் வந்துவிடும். 'வாட்டர்' என்ற சொல் தனியாக நிற்கும்போது அதற்கு எந்தப் பிரிவும் கிடையாது என்றே மகளிடம் சொல்லுங்கள். 'ஷி' என்ற எழுவாயை அடுத்து வந்து, இறுதியில் ஓர் 'எஸ்' ஏற்று, 'பிளாண்ட்ஸ்' என்ற செயப்படுபொருளையும் கொண்டு நிற்பதால் அந்த வாக்கியத்தில் அது வினை. 'ஷி டிரிங்க்ஸ் வாட்டர்' என்பதில் செயப்படுபொருளாக நிற்பதால் பெயர்.

எனவே முதலில் சொல்ல வேண்டியவை எழுவாயும் செயப்படுபொருளும், அதாவது சப்ஜெக்ட்டும் ஆப்ஜெக்ட்டும்தான். இவை தமிழ் வகுப்பில் அவள் ஏற்கெனவே படித்தவை. 'பசு பையனைத் துரத்தியது' என்றாலும் 'பையனைப் பசு துரத்தியது' என்றாலும் ஓடியவன் பையனே. ஏனென்றால் 'ஐ' என்ற இரண்டாம் வேற்றுமை உருபு அவனை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்கு அப்படி ஓர் உருபு இல்லை. 'தி கௌ சேஸ்டு தி பாய்' என்பதில் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றினால் பையன் பசுவைத் துரத்தியதாகிவிடும். நாம் உருபால் காட்டுவதை அவர்கள் இடத்தால் காட்டுகிறார்கள் என்ற இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டுவிட்டால், ஆங்கிலத்தில் சொற்களின் வரிசைக்கு ஏன் அவ்வளவு கண்டிப்பு என்பது தானே விளங்கும். ஓர் எச்சரிக்கை: பயனிலை என்பதையும் ப்ரெடிகேட் என்பதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. நம் பாடத்தில் பயனிலை என்றால் பெரும்பாலும் இறுதியில் வரும் வினைமுற்று. ஆங்கிலத்தில் ப்ரெடிகேட் என்றால் எழுவாய் போக மீதமுள்ள பகுதி முழுவதும்.

இனி அந்தச் சிவப்பு வட்டத்துக்கு வருகிறேன். 'என் அம்மா தினமும் சொசைட்டிக்குப் போய்' என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள். மீதி எங்கே என்று உங்கள் மகளே கேட்பாள். வினை எச்சமாக நிற்கிறது, முற்று வரவில்லை என்பது அவள் காதுக்குத் தெரியும். 'கோயிங்' என்ற வடிவமும் அப்படித்தான் தனித்து நின்று வாக்கியத்தை முடிக்காது. இஸ், ஆம், ஆர், வாஸ், வேர் போன்ற துணைவினை ஒன்று முன்னால் வந்தால்தான் அது முற்றாகும். ஆங்கில இலக்கணத்தில் முற்றை ஃபைனைட் வெர்ப் என்றும், எச்சத்துக்கு நெருங்கிய இத்தகைய வடிவங்களைப் பார்ட்டிசிப்பிள் என்றும் சொல்கிறார்கள். நம் பிள்ளைகள் அந்தத் துணைவினையை விடுவதற்குக் காரணமும் உண்டு. 'அவர் ஆசிரியர்' என்ற தமிழ் வாக்கியம் வினையே இல்லாமல் நிறைவு பெறுகிறது. ஆங்கிலத்தில் 'ஹி டீச்சர்' என்று எழுத முடியாது, 'ஹி இஸ் எ டீச்சர்' என்றே எழுத வேண்டும். தமிழில் தேவைப்படாத ஒன்றை ஆங்கிலத்தில் மறந்துவிடுவது இயல்பே.

அடுத்து, 'இஸ்' சேர்த்துவிட்டால் மட்டும் அந்த வாக்கியம் சரியாகிவிடாது. 'டெய்லி' என்ற சொல் வழக்கமான செயலைக் குறிப்பதால் அங்கே 'மை மதர் கோஸ் டு தி சொசைட்டி டெய்லி' என்று வருவதே பொருத்தம். 'கோஸ்' என்பதில் வரும் 'எஸ்' எழுவாயோடு வினை இயைவதைக் காட்டுகிறது. இதைப் புரிந்துகொள்வதில் உங்கள் மகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. மலையாளத்தில் ஞான் வந்நு, அவன் வந்நு, அவர் வந்நு என்று யார் வந்தாலும் வினை மாறுவதில்லை; தமிழில் வந்தேன், வந்தான், வந்தார்கள் என்று ஒவ்வோர் எழுவாய்க்கும் விகுதி மாறுகிறது. எழுவாய்க்கு ஏற்ப வினை மாறும் என்பது அவளுக்குப் புதிய செய்தி அன்று. ஆங்கிலத்தில் அந்த மாற்றம் பெரிதும் தேய்ந்து, 'பி' என்ற வினையையும் 'ஹேவ்' போன்ற சிலவற்றையும் தவிர்த்தால், நிகழ்காலப் படர்க்கை ஒருமையில் இந்த 'எஸ்' மட்டுமே மிஞ்சியிருக்கிறது. எதிர்மறையிலும் வினாவிலும் அது 'டூ' என்ற துணைவினைக்குப் போய்விடும்: 'ஷி டஸ் நாட் கோ', 'டஸ் ஷி கோ?'. 'டஸ் ஷி கோஸ்' என்று எழுதும் பிள்ளைகளும், 'டிட் நாட் வென்ட்' என்று எழுதும் பிள்ளைகளும் செய்வது ஒரே பிழையைத்தான்: ஒரு முறை சொல்லிவிட்ட குறிப்பை இரண்டாம் முறையும் சொல்கிறார்கள்.

மற்றவை விரைவில் முடிந்துவிடும். ப்ரெபொசிஷன் என்பது நம் வேற்றுமை உருபும் சொல்லுருபும் செய்யும் வேலையைப் பெயருக்கு முன்னால் நின்று செய்கிறது. காலையில், திங்கட்கிழமையில், ஆறு மணிக்கு என்று நாம் சொல்பவை அங்கே 'இன் தி மார்னிங்', 'ஆன் மண்டே', 'அட் சிக்ஸ்' என்றாகும். இவற்றை விதியால் கற்க முடியாது, வழக்கால்தான் கற்க முடியும். எ, ஆன், தி என்ற ஆர்டிகிள்களைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஒன்று என்று கேட்பவருக்கும் தெரியும் என்றால் 'தி'. ஊரில் ஒரே சொசைட்டி இருந்தால் 'தி சொசைட்டி'. எ, ஆன் இரண்டையும் எழுத்தைப் பார்த்துத் தீர்மானிக்காமல் ஒலியைக் கேட்டுத் தீர்மானிக்கச் சொல்லுங்கள்: 'ஆன் அவர்' (ஒரு மணி நேரம்), 'எ யுனிவர்சிட்டி', 'ஆன் எம்.எல்.ஏ.'. இன்டர்ஜெக்ஷன் என்ற வியப்புச் சொல்லுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் செலவிட வேண்டாம்.

கொல்லங்கோட்டுத் தேர்வர்:

ஆசிரியர் ஐயா எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். எழுவாய், முற்று என்று தொடங்கினாலும் அதுவும் இலக்கணப் பெயர்களைக் கொண்டு தொடங்குவதே. அந்தக் குழந்தை ஆங்கிலத்தில் எளிய கதைகளைப் படித்து, நல்ல வாக்கியங்கள் காதில் பழகிய பிறகு இந்தப் பெயர்களைச் சொன்னால், ஏற்கெனவே தெரிந்த ஒன்றுக்குப் பெயர் கிடைத்ததாக அவளே உணர்வாள். வாக்கியங்களே உள்ளே போகாத நிலையில் பெயர்களை மட்டும் அடுக்கினால், ஆள் வராத கல்யாணத்தில் பந்தி விரித்த கதையாகிவிடும்.

அதே சமயம் பயன் என்ன என்ற கேள்விக்கு நேரடியான பதில் ஒன்று என்னிடம் இருக்கிறது. நான் அரசுப் பணிக்கு ஆள் எடுக்கும் பி.எஸ்.சி. தேர்வுகளுக்குப் படிக்கிறேன். அவற்றின் ஆங்கிலப் பகுதியில் க்வெஸ்சன் டேக், அதாவது வாக்கியத்தின் வாலாக ஒட்டும் சிறு வினா, அடிக்கடி கேட்கப்படுகிறது, நம் பகுதிப் பிள்ளைகள் பலர் அதில்தான் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். தமிழில் எந்த வாக்கியத்தின் பின்னாலும் 'இல்லையா' என்று போட்டுவிடலாம், மலையாளத்தில் 'அல்லே' போதும். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் எல்லாவற்றுக்கும் 'இஸின்ட் இட்' என்று போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்திலோ அந்த வாலை முன்னாலுள்ள வாக்கியத்தின் துணைவினையிலிருந்துதான் செய்ய வேண்டும். 'யூ ஆர் கமிங், ஆரின்ட் யூ?' என்பதில் துணைவினை கண்ணுக்குத் தெரிகிறது. 'ஷி லைக்ஸ் மில்க்' என்பதில் அது தெரியவில்லை. 'லைக்ஸ்' என்பதற்குள் மறைந்திருக்கும் 'டஸ்' என்பதை வெளியே எடுத்தால்தான் 'டஸின்ட் ஷி?' கிடைக்கும். வாக்கியம் எதிர்மறை என்றால் வால் உடன்பாடு: 'தே டிட் நாட் கோ, டிட் தே?'. 'ஹார்ட்லி' போன்ற சொல் வந்தால் 'நாட்' இல்லாவிட்டாலும் அதை எதிர்மறையாகவே கொள்ள வேண்டும்: 'ஹி ஹார்ட்லி ஸ்பீக்ஸ், டஸ் ஹி?'. துணைவினை என்றால் என்ன என்று தெரியாதவருக்கு இவை ஒவ்வொன்றும் தனித்தனி மனப்பாடம். தெரிந்தவருக்கு ஒரே விதி.

நகரி நங்கை:

நாங்கள் ஆந்திர எல்லையில் நகரிப் பக்கம், வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் பேசுகிறவர்கள். தம்பி சொன்ன 'இஸின்ட் இட்' சிக்கல் இங்கேயும் அப்படியே இருக்கிறது; தெலுங்கில் 'கதா' என்ற ஒரே சொல் எல்லாவற்றுக்கும் போதும். இங்குள்ள பிள்ளைகளிடம் நான் கவனித்த இன்னொன்றையும் எழுதுகிறேன். தமிழில் 'என்று', தெலுங்கில் 'அனி', மலையாளத்தில் 'என்னு' ஆகியவற்றால் ஒருவர் பேசியதை அப்படியே தூக்கி வாக்கியத்துக்குள் வைத்துவிடலாம். 'நாளைக்கு வருகிறேன் என்று நேற்று சொன்னான்' என்பதில் அவன் பேசிய சொற்கள் மாறவில்லை. ஆங்கிலத்தில் மேற்கோள் குறியை எடுத்துவிட்டால் 'ஹி செட் தட் ஹி வாஸ் கமிங் தி நெக்ஸ்ட் டே' என்று தன்மை படர்க்கையாகவும், நிகழ்காலம் இறந்தகாலமாகவும், 'நாளை' என்பது 'மறுநாள்' என்றும் மாறுகின்றன. நம் பிள்ளைகள் இதில் ஒன்றை மாற்றி மற்றொன்றை விட்டுவிடுவதால், யார் எப்போது வருகிறார் என்பதே குழம்பிவிடுகிறது. ப்ரோநவுன், டென்ஸ், அட்வெர்ப் என்ற மூன்று பெயர்களும் தெரிந்த பிள்ளையிடம் மூன்றையும் சரிபார் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

வடகரப்பதி வாசகி:

மூவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா சொன்னபடி, ஒவ்வொரு வாக்கியத்திலும் முற்றை மட்டும் அடிக்கோடிடச் சொன்னேன். துணைவினை விடுபட்ட இடங்களை அவளே கண்டுபிடித்துவிட்டாள். பெயரடை, வினையடை என்று தமிழில் படித்ததையும் அட்ஜெக்டிவ், அட்வெர்ப் ஆகியவற்றோடு அவளே பொருத்திக்கொண்டாள்.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. பள்ளியில் பன்னிரண்டு டென்ஸ் என்று ஒரு பெரிய அட்டவணையைக் கொடுத்திருக்கிறார்கள். தமிழில் காலம் மூன்றுதானே, பன்னிரண்டு எப்படி வந்தது என்று கேட்கிறாள். இரண்டாவது ஐயம் என்னுடையது. எங்கள் உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த கால்நடைக் காப்பீட்டுப் படிவத்தில் 'நோ கிளெய்ம் ஷல் பி பெயபிள் அன்லெஸ் தி கம்பெனி இஸ் இன்ஃபார்ம்டு இன் ரைட்டிங்' என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. சிலர் தொலைபேசியில் சொன்னால் போதும் என்றார்கள், சிலர் சொசைட்டியே தகவல் கொடுத்துவிடும் என்றார்கள். கொழுந்தனாராலும் இதற்குப் பொருள் சொல்ல முடியவில்லை.

சித்தூர் ஓய்வாசிரியர்:

கொல்லங்கோட்டுத் தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. வாசிப்பு இல்லாமல் இலக்கணம் நிற்காது. இரண்டையும் சேர்த்தே நடத்துங்கள்.

முதல் ஐயம் எளிது. காலம் மூன்று, ஒவ்வொரு காலத்திலும் செயல் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காட்டும் வகைகள் நான்கு. பொதுவாகச் சொல்வது, நடந்துகொண்டிருப்பது, முடிந்திருப்பது, தொடங்கி நடந்துகொண்டே வந்திருப்பது. மூன்றை நான்கால் பெருக்கினால் பன்னிரண்டு. போகிறாள், போய்க்கொண்டிருக்கிறாள், போயிருக்கிறாள் என்று தமிழிலும் துணைவினைகளைக் கொண்டு இந்த நிலைகளைச் சொல்கிறோம்; தனித்தனிப் பெயரிட்டு அட்டவணை போடவில்லை, அவ்வளவுதான். நுணுகிப் பார்த்தால் ஆங்கில வினை தன் வடிவத்தை மாற்றிக் காட்டுவது நிகழ்காலம், இறந்தகாலம் என்ற இரண்டைத்தான். எதிர்காலத்துக்கு 'வில்' போன்ற துணைவினையை நாடுகிறது. இதைத் தேர்வில் எழுத வேண்டாம், அவளுக்கு ஆர்வம் இருந்தால் சொல்லி வையுங்கள்.

அந்தப் பன்னிரண்டில் அதிக நேரம் கொடுக்க வேண்டிய இணை ஒன்று உண்டு. 'ஐ வொர்க்டு இன் தி சொசைட்டி ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று விண்ணப்பத்தில் எழுதினால், நீங்கள் அந்த வேலையிலிருந்து விலகிவிட்டீர்கள் என்றே படிப்பவர் கொள்வார். 'ஐ ஹேவ் வொர்க்டு' என்று எழுதினால் இன்றும் அங்கே இருக்கிறீர்கள் என்று கொள்வார். வேலை பார்த்தேன், வேலை பார்த்து வருகிறேன் என்று தமிழில் நாம் காட்டும் வேறுபாடு இதுவே. 'எஸ்டர்டே' போல முடிந்துபோன நேரத்தைக் குறிக்கும் சொல் வந்தால் 'ஹேவ்' வராது என்பதையும் இதனோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன்; உங்கள் கொழுந்தனாருக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. சந்தையில் வாங்குபவரும் விற்பவரும் எதிரெதிரே நிற்கிறார்கள், மாடும் பக்கத்தில் நிற்கிறது. புரியாவிட்டால் கையைக் காட்டிக் கேட்டுவிடலாம். படிவத்தை எழுதியவர் நம் முன்னால் இல்லை. அங்கே வாக்கியத்தின் அமைப்பைத் தவிர நமக்கு வேறு பிடி கிடையாது.

அந்த வாக்கியத்தில் இரண்டு க்ளாஸ்கள், அதாவது எழுவாயும் முற்றும் தமக்கென உடைய இரண்டு பகுதிகள், இருக்கின்றன. முதன்மைப் பகுதி 'நோ கிளெய்ம் ஷல் பி பெயபிள்': எந்த இழப்பீடும் தரப்படாது. 'அன்லெஸ்' என்று தொடங்குவது சார்புப் பகுதி. அந்தச் சொல்லுக்குள்ளேயே ஓர் எதிர்மறை அடங்கியிருக்கிறது. ஆக, நிறுவனத்துக்குத் தெரிவிக்காவிட்டால் இழப்பீடு இல்லை என்பது பொருள். 'இன் ரைட்டிங்' என்ற சொற்றொடர் 'இன்ஃபார்ம்டு' என்ற வினைக்கு அடையாக நின்று, தெரிவிக்க வேண்டிய முறையைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே தொலைபேசியில் சொன்னால் போதும் என்றவர்கள் அந்த அடையைப் படிக்காமல் விட்டிருக்கிறார்கள். 'ஷல்' என்பதையும் கவனியுங்கள். இத்தகைய ஆவணங்களில் அது பெரும்பாலும் கட்டாயத்தைக் குறிக்கும். 

யார் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி. 'இஸ் இன்ஃபார்ம்டு' என்பது செயப்பாட்டு வினை, அதாவது பேசிவ் வாய்ஸ். 'பை' என்று தொடங்கிச் செய்தவரைக் குறிக்கும் பகுதியைச் சேர்க்காமலே அந்த அமைப்பு நிறைவு பெற்றுவிடும். இங்கே அந்தப் பகுதி இல்லை. எனவே மாட்டுக்காரரா, சொசைட்டியா என்று உறுப்பினர்கள் வாதாடியதில் வியப்பில்லை. இந்த வாக்கியம் அதற்கு விடை சொல்லவே இல்லை. அதே படிவத்தில் 'தி இன்ஷூர்டு ஷல்' (காப்பீடு செய்தவர் செய்ய வேண்டியது) என்று தொடங்கும் வேறொரு விதி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால், தெரிவிக்கும் பொறுப்பும் அந்த விதியில் சொல்லப்பட்டிருக்கிறதா என்று படியுங்கள். சொல்லப்பட்டிருந்தால் அது மாட்டுக்காரருடையது, சொசைட்டி செய்துவிடும் என்று அவர் சும்மா இருக்க முடியாது. அப்படி எதுவும் இல்லாவிட்டால் சொசைட்டிச் செயலாளர் வழியாக நிறுவனத்திடம் எழுத்திலேயே கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.